மூன்று கால் குதிரை முத்திரை

லுகோவ்ஸ்க் கடிகாரத் தொழிற்சாலையில் அவ்குஸ்தா நிக்கனோரவ்னாவுக்கு இருபத்தாறு வருஷமாக ஒரே வேலைதான். கடிகாரக்காரர்கள் கண்ணில் செருகிக்கொள்ளும் பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கடுகளவு பற்சக்கரங்களைப் பார்த்து, நல்லதை இடது கிண்ணத்திலும் சொத்தையை வலது கிண்ணத்திலும் போடுவாள். தொடர்ந்து வரும் சக்கரங்களில் ஒரே இடத்தில் ஒரே கீறல் தெரிந்தால், அது எந்த அச்சிலிருந்து வந்தது, அந்த அச்சு எப்போது தேய ஆரம்பித்தது என்பதுவரை சொல்லிவிடுவாள். பட்டறையில் அவளுக்கு 'போலீஸ்' என்று பெயர்.

கல்யாணமும் ஒன்று நடந்திருந்தது. மூன்றாவது வருஷம் கணவன் வடகடல் பக்கம் மீன்பிடிக் கப்பலுக்குப் போனான். அங்கேயே விவாகரத்து வாங்கிக்கொண்டு வேறொருத்தியோடு குடித்தனம் வைத்துக்கொண்டான். அவள் ஒரு வாரம் அழுதாள். பிறகு, குறட்டைச் சத்தம் இல்லாத வீட்டில் எவ்வளவு நன்றாகத் தூக்கம் வருகிறது என்று கண்டுகொண்டாள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்று நான்கில் தொழிற்சாலையில் பாதியை மூடியபோது அவளுக்கு ஐம்பத்தோரு வயது. வேலை போனவர்கள் சந்தையில் காலுறை விற்றார்கள், காளான் பொறுக்கினார்கள். அவ்குஸ்தாவுக்கு ஊர் அருங்காட்சியகத்தில் காவல் நாற்காலி கிடைத்தது. அது பழைய வணிகர் வீடு. இரண்டாவது கூடத்தில் மூடிய கோயில்களிலிருந்து வந்த பூசைச் சாமான்கள் கண்ணாடிப் பெட்டிகளில் இருந்தன. யாரும் எதையும் தொடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். தொடுவதற்கு யாரும் வந்தால்தானே? கம்பளிச் சால்வையைப் போர்த்திக்கொண்டு, குளிர் ஏறாமல் இருக்க கம்பளிப் பூட்ஸ் காலைத் தட்டிக்கொண்டு, நாள் முழுக்க உட்கார்ந்திருப்பாள். கண் மட்டும் சும்மா இருக்கப் பழகவில்லை.

நான்காவது வாரம் இயக்குநரின் அறைக் கதவைத் தட்டினாள். இயக்குநர் ரிம்மா கவ்ரீலவ்னாதான் அங்கே சீட்டு கிழிப்பவரும். கொதிகலன்காரர் குடித்துவிட்டுப் படுத்துவிட்டால் கொதிகலன் பார்ப்பவரும் அவர்தான். அன்றைக்குக் கைநிறையக் கரியோடு இருந்தார்.

"ரிம்மா கவ்ரீலவ்னா, கோவிச்சுக்காதீங்க. மூணாம் பெட்டியில இருக்கற சிலுவை..."

"அய்யோ, உடைஞ்சிடுச்சா?"

"உடையல. வயசு தப்பாப் போட்டிருக்கு. சீட்டுல பத்தொம்பதாம் நூற்றாண்டுக் கடைசி, வெள்ளை உலோகம்னு எழுதியிருக்கு. அது வெள்ளி. வருஷம் ஆயிரத்தெழுநூத்தி எழுபத்தாறு."

"உங்களுக்கு யாரு சொன்னா?"

"அதுலயே அடிச்சிருக்கே."

ரிம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்து பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை. "எவ்வளவு ஆராய்ச்சிக்காரங்க வந்து பார்த்த சிலுவை தெரியுமா இது?"

"அவங்க நின்னுக்கிட்டுப் பார்த்திருப்பாங்க. நான் உக்காந்துக்கிட்டுப் பார்க்கறேன். கீழ் விளிம்பு என் கண்ணுக்கு நேரா இருக்கு. வாங்க, என் நாற்காலியில உக்காருங்க."

உட்கார்ந்தார். பூதக்கண்ணாடியை வாங்கி மாட்டிக்கொண்டார். பிறகு கரிபடிந்த கையாலேயே அவ்குஸ்தாவைக் கட்டிக்கொண்டார். அந்தச் சால்வைக் கறை கடைசிவரை போகவில்லை.

மறுநாள் சேமிப்பறைச் சாவி அவ்குஸ்தா கையில் இருந்தது. முத்திரைகளின் பட்டியல் தட்டச்சுத் தாள்களாக ஒரு கட்டு அங்கே கிடந்தது. அதை வைத்துக்கொண்டு இரண்டு குளிர்காலம் அவள் தானாகப் படித்தாள். வெள்ளிச் சாமானில் அதைச் செய்த வெள்ளிக்கொல்லன் தன் பெயரின் முதலெழுத்துகளை அடிப்பான். எண்பத்து நான்கு என்ற எண் இருக்கும். தொண்ணூற்றாறு பங்கில் அத்தனை பங்கு வெள்ளி என்று பொருள். எந்த ஊரில் சோதித்தார்களோ அந்த ஊரின் சின்னம் இருக்கும். மாஸ்கோ என்றால் நாகத்தை ஈட்டியால் குத்துகிற குதிரைவீரன். சோதித்த அதிகாரியின் இரண்டு எழுத்துகளும், அவற்றுக்கு அடியிலேயே வருஷமும் இருக்கும். ஆயிரத்து எண்ணூற்றுத் தொண்ணூற்று ஒன்பதோடு இந்த முறை போய், தலையணி சூட்டிய பெண்முகம் வந்தது. முதலில் அவள் இடப்பக்கம் பார்ப்பாள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எட்டுக்குப் பிறகு வலப்பக்கம் திரும்பிவிட்டாள். அவ்குஸ்தாவுக்கு இதெல்லாம் அதிசயமாகவே இல்லை. தொழிற்சாலையில் தான் செய்த வேலையை யாரோ முந்நூறு வருஷமாகச் செய்துவந்திருக்கிறார்கள் என்றுதான் தோன்றியது.

ஒருமுறை மாஸ்கோவிலிருந்து தோல்கோட்டு போட்ட ஆள் ஒருவன் தூபக்கலசம் ஒன்றைக் கொண்டுவந்தான். அருங்காட்சியகம் ஒரு சான்று எழுதித் தர வேண்டுமாம். கலசத்தின் மேல் 'ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இரண்டில் நன்றியோடு அளித்தது' என்று அழகாகப் பொறித்திருந்தது. அவ்குஸ்தா திருப்பிப் பார்த்தாள்.

"தம்பி, ரெண்டாம் வருஷம் குடுத்ததா இது?"

"ஆமாம்மா. அதுலயே எழுதியிருக்கே."

"அப்போ முத்திரையில இருக்கற இந்த அம்மா இன்னும் ஆறு வருஷம் இடப்பக்கம்தானே பார்த்துக்கிட்டு இருக்கணும்? உங்க கலசத்துல மட்டும் எதுக்கு அவசரப்பட்டு வலப்பக்கம் திரும்பினாங்க? முத்திரையும் அடிச்சது இல்ல, கலசத்தோடயே வார்த்தது. ஓரமெல்லாம் வழவழன்னு சோப்புக்கட்டி மாதிரி இருக்கு பாருங்க."

தோல்கோட்டு கலசத்தைச் சுருட்டிக்கொண்டு, மதியப் பேருந்துக்குக்கூடக் காத்திராமல் லாரி ஏறிப் போய்விட்டான். ஊரெல்லாம் அதையே சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். அவ்குஸ்தாவின் பெயர் ஆற்றுக்கு அக்கரை வரைக்கும் போனது அப்படித்தான்.

தொண்ணூற்று ஏழு மே மாதம், ஆற்றில் பனி உடைந்து படகு விட ஆரம்பித்த முதல் வாரம். காலை பத்து மணிக்கு அருங்காட்சியகக் கதவைத் தள்ளிக்கொண்டு இரண்டு பேர் பக்கவாட்டில் நண்டு போல நடந்து வந்தார்கள். இருவருக்கும் நடுவே ஒரு பழைய கம்பளிப் பூட்ஸ். அதன் கழுத்தைப் பிடித்திருந்தவர் நிக்கோல்ஸ்கயே ஊர்க் கோயில் நிர்வாகி யெவ்சேய் பிளத்தோனவிச். தேனீ வளர்ப்பவர், மனைவியை இழந்தவர், நெட்டையான அமைதியான மனிதர். பூட்ஸின் மூக்கைப் பிடித்திருந்தவள் அதற்கு நேர் எதிர்க்கரையில் உள்ள ஸாருச்யே ஊர்க் கோயிலின் நிர்வாகி தைசியா குஸ்மீனிச்னா. பால்மாடு ஆறு, குரல் அறுபது பேருடையது. பின்னாலேயே மூச்சிரைக்க ஃபாதர் விக்கென்தி. இரண்டு கோயிலுக்கும் பூசை வைப்பவர் அவர் ஒருவர்தான். ஞாயிறு இங்கே என்றால் அடுத்த ஞாயிறு அங்கே. இரண்டு ஊரையும் பகைத்துக்கொள்ள முடியாத பாவப்பட்ட பிழைப்பு.

"முதல்ல விடுங்கய்யா பூட்ஸை!" என்றாள் தைசியா.

"நீங்க விட்டா நானும் விடறேன்."

"நான் விட்டதும் நீங்க ஓடிடுவீங்க."

"எனக்கு அறுபது வயசும்மா. எங்க ஓடறது?"

"படகுல வர்றப்பவும் இப்படித்தான்" என்றார் ஃபாதர் அவ்குஸ்தாவிடம் மெதுவாக. "ரெண்டு பேரும் ஒரு கையால பூட்ஸைப் பிடிச்சுக்கிட்டேதான் உக்காந்து வந்தாங்க. படகு சாஞ்சு சாஞ்சு..."

பூட்ஸை மேசையில் வைக்கச் சொல்லி, அவ்குஸ்தா உள்ளே கைவிட்டாள். ஒரு துணிச்சுருள் வந்தது. அதற்குள் கரியாய்க் கறுத்த ஒரு திருக்கிண்ணம், பூசையில் திராட்சை இரசம் வைக்கிற கிண்ணம்.

நடந்தது இதுதான். ஸாருச்யேயில் பழைய மணியடிக்கிறவர் வீட்டு நீராவிக் குளியல் குடிலை யெவ்சேய் விலைக்கு வாங்கி, கட்டையாகப் பிரித்து அக்கரைக்குக் கொண்டுபோகப் பார்த்தார். அடுப்புக் கல்லைப் பெயர்த்தபோது அடியில் இந்தப் பூட்ஸ். சோவியத் ஆட்சி கோயில்களைப் பூட்டிய காலத்தில் யாரோ ஒளித்துவைத்தது. கிண்ணம் எங்கள் மண்ணில் கிடைத்தது, எங்கள் கோயிலுடையது என்றது ஸாருச்யே. கிண்ணம் எங்கள் ஊர்க்காரர் வாங்கிய குடிலில் இருந்தது, அதுவுமில்லாமல் எங்கள் கோயிலில் வெள்ளிக் கிண்ணம் இருந்ததென்று பெரியவர்கள் சொல்லியிருக்கிறார்கள் என்றது நிக்கோல்ஸ்கயே.

"சாம்பல் போட்டு ஒரு தேய் தேய்ச்சா பளபளன்னு ஆயிடும்" என்று யெவ்சேய் சட்டைக்கையை மடித்தார்.

"தொட்டீங்கன்னா கையை ஒடிச்சிடுவேன்!" என்றாள் அவ்குஸ்தா. அதுவரை முன்பின் பழக்கமில்லாத மனிதர். அவர் சட்டைக்கையை அவசரமாக இறக்கிவிட்டுக்கொண்டார். காதுவரை சிவந்திருந்தது, ஆனால் சிரிப்பையும் அடக்கிக்கொண்டிருந்தார்.

"ஃபாதர், நான் இதைத் தொட்டுக் கழுவலாமா?" என்று அவள் கேட்டாள்.

"பொம்பள கை படலாமா சாமி?" என்று தைசியா குறுக்கே வந்தாள்.

"அறுபது வருஷம் குளிக்கிற அடுப்புக்கடியில இருந்திருக்கு தைசியா. அவங்க கைபட்டுத்தான் தீட்டாகப் போகுதா? கழுவுங்கம்மா."

வெதுவெதுப்பான தண்ணீர், கொஞ்சம் சோப்பு, பழைய பஞ்சுத்துணி. அவ்வளவுதான். கறுப்பு முழுக்கப் போகவில்லை; போக வேண்டியதும் இல்லை. கிண்ணத்தின் பாதத்தைச் சுற்றி எழுத்துகள் தெரிந்தன. ஒன்றின் மேல் ஒன்று ஏறி, ஒன்றின் காலை இன்னொன்று கட்டிக்கொண்டு ஓடும் கோயில் எழுத்து. ஃபாதர் வாசித்தார்: "தித் என்பவரின் குமாரத்திகள் அகாஃபியாவும் மத்ரோனாவும், தங்கள் தகப்பனாரின் ஆன்மா இளைப்பாற..."

"அப்புறம்?"

"அவ்வளவுதான். வினைச்சொல்லையே காணோம். குடுத்தாங்களா, செஞ்சாங்களா, எந்தக் கோயிலுக்கு, ஒண்ணுமே இல்ல. முற்றுப்புள்ளியும் இல்ல."

"பொறிக்கிறவன் சாப்பிடப் போயிட்டான் போல" என்றார் யெவ்சேய்.

அவ்குஸ்தா பாதத்தின் உள்விளிம்பில் முத்திரைகளைத் தேடினாள். எண்பத்து நான்கு. கொல்லனின் இரண்டு எழுத்து. மாஸ்கோ குதிரைவீரன், ஆனால் குதிரைக்குப் பின்னங்கால் ஒன்று இல்லை. அச்சில் அந்த இடம் உடைந்துபோயிருக்க வேண்டும். அப்புறம் அதிகாரியின் எழுத்துகள், அடியில் வருஷம். சுத்தியல் சாய்ந்து விழுந்திருந்தது. ஒன்று, எட்டு, பிறகு ஒரு நசுங்கல், பிறகு ஏழு. பட்டியலைப் புரட்டினாள். அந்த அதிகாரி வேலை பார்த்தது முப்பதுகளிலும் நாற்பதுகளிலும் மட்டும்.

"ஆயிரத்தெண்ணூத்தி முப்பத்தேழு. இல்லாட்டி நாப்பத்தேழு" என்றாள்.

தைசியாவும் யெவ்சேயும் சட்டென்று மேசைப் பக்கம் குனிந்தார்கள். ஸாருச்யேயில் மாதா கோயிலைக் கட்டியது முப்பத்தேழில். நிக்கோல்ஸ்கயேயில் புனித நிக்கோலா கோயிலைக் கட்டியது நாற்பத்தேழில். இரண்டும் வாசல் கல்லிலேயே வெட்டியிருக்கிறது. இரண்டு ஊர்க் குழந்தைகளுக்கும் மனப்பாடம்.

"மூணுதான்" என்றாள் தைசியா.

"நாலு" என்றார் யெவ்சேய்.

"எனக்கு மூணும் தெரியல, நாலும் தெரியல" என்றாள் அவ்குஸ்தா. "எட்டு நாள் குடுங்க."

அந்த எட்டு நாளில் லுகோவ்ஸ்கில் வேறு பேச்சே இல்லை. ரொட்டிக்கடை வரிசையில் நின்றால், முன்னால் நிற்பவள் திரும்பிக் கேட்பாள், "மூணா, நாலா?" படகோட்டி கேட்டான், தபால்காரி கேட்டாள். பல் பிடுங்கப் போன இடத்தில் வாயைத் திறக்கச் சொல்லிவிட்டு மருத்துவர் கேட்டார். பதில் சொல்ல முடியாத நிலையில் அவள் தலையை மட்டும் ஆட்டினாள். செவ்வாய்க்கிழமை தைசியா ஒரு ஜாடி பாலாடையோடு வந்தாள். "சும்மாதான். உங்க உடம்பு இளைச்ச மாதிரி இருந்துச்சு. மூணுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல." புதன்கிழமை யெவ்சேய் ஒரு ஜாடித் தேனோடு வந்தார். எதுவும் பேசாமல் மேசையில் வைத்தார். போகும்போது மட்டும், "லிண்டன் மரப்பூத் தேன். குதிரையைக் கண்டுபிடிக்கற கண்ணுக்கு நல்லது" என்றார்.

"எந்தக் குதிரை?"

"கால் இல்லாத குதிரையைப் பார்த்துட்டு முகம் ஒரு மாதிரி ஆச்சே உங்களுக்கு. நான் பார்த்தேன். நல்லாப் பழக்கப்பட்ட யாரையோ தெருவுல பார்த்த மாதிரி."

உண்மைதான். வேறு யாரும் அதைக் கவனிக்கவில்லை. அந்தக் குதிரையை அவள் எங்கோ பார்த்திருக்கிறாள். அதே அச்சில் அடித்த இன்னொரு சாமான் இந்தக் கட்டடத்திலேயே இருக்கிறது. அதில் வருஷம் தெளிவாக விழுந்திருந்தால், உடைந்த அச்சு எந்த வருஷத்தது என்று தெரிந்துவிடும். ஆனால் எங்கே? மூன்று நாள் சேமிப்பறையில் சிலுவைகள், தூபக்கலசங்கள், புனிதர் படங்களின் மேல் போர்த்தும் வெள்ளித் தகடுகள், வேதப் புத்தக அட்டைகள், எல்லாவற்றையும் மறுபடி பார்த்தாள். குதிரைகள் எல்லாம் நாலு காலோடு நின்றன.

வெள்ளிக்கிழமை ரிம்மா கவ்ரீலவ்னாவின் பிறந்தநாள். அலுவலக அறையில் தேநீர், முட்டைக்கோஸ் வைத்துச் சுட்ட பிரோக், மிட்டாய். தேநீரை ஊதிக்கொண்டே ரிம்மா தட்டை நகர்த்தினார். "மிட்டாய் எடுத்துக்கோங்க. தட்டு அசிங்கமா இருக்கு, மன்னிச்சுக்கோங்க. நல்ல மிட்டாய்த் தட்டு ஒண்ணு வாங்கணும்..."

அவ்குஸ்தா வாயில் வைத்த மிட்டாயோடு எழுந்து நின்றாள். காகிதத்தைக்கூடப் பிரிக்காமல் வாயில் போட்டிருந்தாள்.

"மிட்டாய்த் தட்டு!"

"என்ன ஆச்சு உங்களுக்கு?"

"பூசைச் சாமான்லயே தேடிக்கிட்டு இருந்தேன். அது வீட்டுச் சாமான் அலமாரியில இருக்கு!"

இருவரும் படியேறி ஓடினார்கள். தேநீர்க் குவளைகள், சர்க்கரை இடுக்கிகள், சின்ன மதுக் கிண்ணங்கள், அவற்றுக்குப் பின்னால், காலோடு கூடிய ஒரு வட்டத் தட்டு. பதிவேட்டில் எழுதியிருந்தது: மிட்டாய்த் தட்டு, வெள்ளை உலோகம், ஓரத்தில் கொடி வேலைப்பாடு, தொழிலாளர் மன்றத்திலிருந்து பெற்றது, 1961. நடுவே ஒரு காலத்தில் ஏதோ உருவம் பொறித்திருக்கிறது. மன்றத்தில் தேய்த்துத் தேய்த்து ஒரு நிழல் மட்டும்தான் மிச்சம். அவ்குஸ்தா திருப்பினாள். மூன்று கால் குதிரை. அதே கொல்லன். அதே அதிகாரி. வருஷம் நச்சென்று விழுந்திருந்தது. ஒன்று, எட்டு, நான்கு, ஏழு.

"நாலு" என்றார் ரிம்மா. "பாவம் தைசியா."

அவ்குஸ்தா தட்டை ஜன்னலருகே கொண்டுபோய் மெல்லச் சுழற்றினாள். கொடி வேலைப்பாடு என்று எழுதினவர் மேல் தப்பில்லை; பார்த்தால் கொடியேதான். ஆனால் எந்தக் கொடியிலாவது ஒரே இலை இவ்வளவு நேர்க்கோட்டில் நிற்குமா? அந்த இலை ஓர் எழுத்து. அதைக் கட்டிக்கொண்டிருந்த சுருள் இன்னோர் எழுத்து. அரை மணி நேரம் போராடியபின் அவள் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். ரிம்மாவின் முழங்காலில் தட்டித் தட்டிச் சிரித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டாவது கூடம் நிறைந்துவிட்டது. ஸாருச்யே ஜன்னல் பக்கம், நிக்கோல்ஸ்கயே அடுப்புப் பக்கம். நடுவில் ஒரு ஆள் படுக்கிற அளவுக்கு இடம் விட்டிருந்தார்கள். அந்த இடத்தில் ஃபாதர் விக்கென்தி தனியாக நின்றார்.

"சொல்லுங்கம்மா. மூணா, நாலா?"

"நாலு" என்றாள் அவ்குஸ்தா.

அடுப்புப் பக்கம் கூரை அதிர்ந்தது. யாரோ தொப்பியை வீசியது விளக்கில் மாட்டிக்கொண்டது. தைசியா ஜன்னல் கட்டையில் பொத்தென்று உட்கார்ந்தாள். அவளுக்குக் குரல் இல்லாமல் போனதை ஊர் அன்றுதான் முதன்முதலில் பார்த்தது. யெவ்சேய் மட்டும் கத்தவில்லை. அவ்குஸ்தாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கொஞ்சம் அமைதியா இருங்கப்பா" என்றார். "அந்தம்மா இன்னும் முடிக்கல."

அவ்குஸ்தா துணியை விலக்கித் தட்டைக் கிண்ணத்தின் பக்கத்தில் வைத்தாள். "இது கிண்ணத்தோட ஜோடி. பூசையில அப்பம் வைக்கற தட்டு. ரெண்டும் ஒரே கையால, ஒரே வருஷம் செஞ்சது. கிண்ணத்துல எழுத இடம் பத்தலையோ, இல்ல வேணும்னேதானோ, மிச்ச வாக்கியம் தட்டுல இருக்கு. ஃபாதர், சேர்த்து வாசிங்க."

ஃபாதர் முதலில் கிண்ணத்தைச் சுற்றி நடந்து வாசித்தார். பிறகு தட்டைச் சுற்றி.

"தித் என்பவரின் குமாரத்திகள் அகாஃபியாவும் மத்ரோனாவும், தங்கள் தகப்பனாரின் ஆன்மா இளைப்பாற... மாதா கோயிலுக்கும் நிக்கோலா கோயிலுக்கும் பொதுவில் கொடுத்தது. ஆற்றைக் கடந்து இதைக் கொண்டுபோகும் குருவானவர் ஒவ்வொரு கரையிலும் எங்களில் ஒருத்தியை நினைத்துக்கொள்ளட்டும்." அவர் நிறுத்திக் கண்ணைத் துடைத்தார். கடைசியில் நான்கு எழுத்து இருந்தது. நம் பழைய கணக்கில் எழுத்தையே எண்ணாகப் போடுவதுபோல அவர்களும் போடுவார்கள்: ஆயிரம், எண்ணூறு, நாற்பது, ஏழு.

"ஒரு அக்கா அந்தக் கரையில வாக்கப்பட்டிருக்கா, ஒரு தங்கச்சி இந்தக் கரையில" என்றாள் அவ்குஸ்தா. "அப்பவும் ரெண்டு கோயிலுக்கும் ஒரே சாமிதான் இருந்திருக்காரு. அவரு பையிலதான் இது போய்வந்திருக்கு."

தைசியா எழுந்தாள். நடுவில் விட்டிருந்த இடத்தைக் கடந்து அடுப்புப் பக்கம் போனாள். 

"யெவ்சேய் பிளத்தோனவிச்."

"சொல்லுங்க."

"அந்தக் குளியல் குடிலை நாளைக்கு எங்க ஆளுங்க வந்து பிரிச்சுத் தருவாங்க. உங்களைப் பார்த்தா கட்டை தூக்கற ஆள் மாதிரி இல்ல." அவள் குரல் திரும்ப வந்துவிட்டது. "ஆனா கிண்ணம் முதல்ல எங்க கரைக்குத்தான் வரும். அகாஃபியா பேருதான் முதல்ல இருக்கு!"

"அகாஃபியா எந்தக் கரைன்னு யாரு சொன்னா?" என்று நிக்கோல்ஸ்கயேக்காரர் ஒருவர் கேட்டுவைத்தார். மறுபடி ஒரே இரைச்சல். ஆனால் இந்த இரைச்சலில் சிரிப்பும் கலந்திருந்தது. ஃபாதர் விக்கென்தி காவல் நாற்காலியில் சரிந்து உட்கார்ந்து, பல மாதங்களுக்குப் பிறகு தனக்குப் பசிக்கிறது என்றார்.

தட்டு அருங்காட்சியகச் சொத்து. அதை வெளியே விட ரிம்மா கவ்ரீலவ்னா எழுதிய கடிதங்கள் ஒரு கோப்பு நிறைய இருக்கின்றன. கடைசியில், திருநாட்களில் மட்டும் கோயிலுக்குக் கொடுக்கலாம், காப்பாளர் உடன் போக வேண்டும் என்று உத்தரவு வந்தது. காப்பாளர் என்றால் அவ்குஸ்தா. அந்தப் பதவிப் பெயரை அவளுக்கு ரிம்மா அதே வாரம்தான் எழுதி வாங்கியிருந்தார்.

ஜூலை பன்னிரண்டு, பேதுரு திருநாள். உன்ஜா ஆறு கண்ணாடிபோல நின்றது. ஸாருச்யேயில் காலைப் பூசை முடிந்து, மணி அடிக்க அடிக்கப் படகு அக்கரைக்குப் புறப்பட்டது. நடுவில் ஃபாதர், மடியில் துணிபோர்த்திய கிண்ணம். பக்கத்தில் அவ்குஸ்தா, மடியில் தட்டு. யெவ்சேய் துடுப்புப் போட்டார். கரையோரமாகவே ஓடி வந்த தைசியா, "மெதுவாப் போடுங்க! உங்க தேன்கூட்டைத் தூக்கிட்டுப் போற மாதிரி போடுங்க!" என்று கத்தினாள். பிறகு பொறுக்க முடியாமல் அவளும் இன்னொரு படகில் தாவி ஏறினாள். அவள் ஏறியதும் மற்றவர்களும் ஏறினார்கள். கொஞ்ச நேரத்தில் ஆற்றில் பதினைந்து படகு.

அவ்குஸ்தா கோயிலுக்குப் போய் வளர்ந்தவள் அல்ல. எங்கே எப்படிச் சிலுவைக்குறி இடுவது என்றுகூடத் தெரியாது. ஆனால் நிக்கோல்ஸ்கயே கோயிலில் ஃபாதர் கிண்ணத்தை உயர்த்தி, "அகாஃபியா, மத்ரோனா" என்று பெயர் சொன்னபோது, இத்தனை வருஷமாகப் பெயரே கேட்காமல் இருந்த அந்த இரண்டு பெண்களும் பக்கத்தில்தான் நிற்கிறார்கள் என்று அவளுக்குத் தோன்றியது. வெளியே வந்து மூக்கைச் சிந்திக்கொண்டாள்.

வெளியே, மரத்தடியில் நீளமாக மேசை போட்டிருந்தார்கள். மீன் பிரோக், உப்பு வெள்ளரி, காளான், ரொட்டியைப் புளிக்கவைத்துச் செய்த க்வாஸ் பானம், யெவ்சேயின் தேன்மது. இரண்டாவது குவளை முடிவதற்குள் ஒரு பெண் கழுத்துச் சிலுவையைக் கழற்றி நீட்டினாள், "அம்மா, இது எந்த வருஷம்?" அவ்வளவுதான். எல்லோரும் வீட்டுக்கு ஓடினார்கள். கரண்டி, உப்புக் கிண்ணம், மோதிரம், படச்சட்டம், கதவுப் பூட்டு ஒன்று. மேசையின் முனையில் வரிசை நின்றது. அவ்குஸ்தா ஒவ்வொன்றாகத் திருப்பினாள். "ஆயிரத்தெண்ணூத்தி எழுபத்தஞ்சு. பத்திரமா வையுங்க." "இது வெள்ளி இல்ல, ஆனா அழகு." "இது பூட்டு. எனக்குப் பூட்டு தெரியாது."

தைசியா ஒரு பட்டுத்துணியைப் பிரித்துக் கரண்டி ஒன்றை எடுத்தாள். "எங்க குடும்பத்துச் சொத்து. சக்கரவர்த்தி இந்தப் பக்கம் வந்தப்போ இதாலதான் சூப்பு குடிச்சாரு."

அவ்குஸ்தா வெகுநேரம் பார்த்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டாள். "தைசியா, காம்பில நட்சத்திரம் இருக்கு. நட்சத்திரத்துக்குள்ள அரிவாள் சுத்தியல் இருக்கு. இந்த முத்திரை ஐம்பத்தெட்டுல வந்தது."

"எந்த ஐம்பத்தெட்டு?"

"நாம ரெண்டு பேரும் பள்ளிக்கூடத்துல படிச்ச ஐம்பத்தெட்டு."

மேசை சரிந்துவிடும்போல எல்லோரும் சிரித்தார்கள். தைசியா கரண்டியைப் பறித்து, அதாலேயே யெவ்சேயின் தலையில் ஒன்று வைத்தாள். "நீங்க ஏன் சிரிக்கறீங்க? உங்களையும் புரட்டிப் பார்க்கச் சொல்லவா?"

"சொல்லுங்களேன்" என்றார் யெவ்சேய். நிஜமாகவே வரிசையில் போய் நின்றார். முறை வந்ததும் அவ்குஸ்தாவுக்கு எதிரே உட்கார்ந்தார். "எனக்கு என்ன முத்திரை இருக்குன்னு பாருங்க, நிக்கனோரவ்னா."

அவள் பூதக்கண்ணாடியைக் கழற்றாமலே அவரைப் பார்த்தாள். அவ்வளவு அருகில் மூக்கும் மீசையும் மலைபோலத் தெரிந்தன. "தேய்மானம் ஜாஸ்தி" என்றாள். "ஒண்ணு ரெண்டு இடத்துல அடிபட்டிருக்கு. ஆனா வார்ப்பு இல்ல."

"அப்படின்னா?"

"அசல்."

அக்டோபரில் லுகோவ்ஸ்க் பதிவு அலுவலகத்தில் அவர்கள் கையெழுத்துப் போட்டார்கள். சாட்சி தைசியா குஸ்மீனிச்னா. யெவ்சேய் குறட்டை விடுவார் என்பது முதல் வாரத்திலேயே தெரிந்துபோயிற்று. அவ்குஸ்தா காதில் பஞ்சை வைத்துக்கொண்டு, தேனீப்பெட்டிகளைப் பார்க்க விடியற்காலையில் எழுந்துகொள்ளப் பழகினாள். செவ்வாய் முதல் சனிவரை படகேறி அருங்காட்சியகத்துக்கு வருவாள். சேமிப்பறையில் அவள் திருப்பிப் பார்க்க வேண்டிய சாமான் இன்னும் நானூறுக்கு மேல் இருந்தது. அடுத்தது ஒரு சாலட் கிண்ணம் என்று எழுதியிருந்தார்கள். அதன் ஓரத்தில் இருந்த கொடியும் ஏனோ ரொம்ப நேராக நிற்பதாக அவளுக்குப் பட்டது.